சீனத்து ஆற்றங்கரையில் நான் சொன்ன பொய்

இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடாத என் அன்பானவருக்கு,

இஞ்சாருங்கோ, முதலில் ஒரு செய்தி. வருகிற கிழமை உங்களுடைய ஆட்டைத் திவசம். வழக்கப்படி இந்தப் பேப்பரில் உங்கள் படத்தைப் போட்டு, சுற்றிவர மாலை வைத்து, ஓராண்டு நினைவஞ்சலி என்று கால் பக்கத்தில் ஓர் அறிவித்தல் வந்திருக்க வேண்டும். உங்கள் அண்ணை அதை எழுதியும் கொடுத்துவிட்டார். நான் போய்த் திருப்பி வாங்கிவிட்டேன். அந்த இடத்தில்தான் இந்தக் கடிதம் வருகிறது. ரொறொன்ரோவில் தமிழ் வாசிக்கத் தெரிந்த எல்லாரும் வாசிக்கட்டும்.

ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிக்கு உங்கள் வாழ்க்கையை எழுதி ஒரு கல்வெட்டுப் புத்தகம் அடித்துக் கொடுத்தார்களே, அதில் உங்கள் பெயருக்குக் கீழே 'இளைப்பாறிய நீர்ப்பாசனப் பொறியியலாளர்' என்று இருந்தது. சனம் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகுதான் நான் பார்த்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"இவர் எப்ப எஞ்சினியர் ஆனவர்?" என்று அண்ணையிடம் கேட்டேன்.

"பிள்ளை, உன்ரை வாசுகிக்குக் கலியாணம் பேசி வருது. மாப்பிள்ளை பகுதி, அந்தப் பிக்கரிங் ஆக்கள், படிச்ச குடும்பம். ஓவசியர் எண்டு போட்டா என்ன நினைப்பினம்? ஒரு சொல்லுத்தானே" என்றார்.

ஒரு சொல்லுத்தானாம். கலியாணம் முடித்த புதிதில் கிளிநொச்சிப் பக்கத்துக் குவாட்டர்சில் உங்களோடு இருந்தவள் நான். மாரி மழையில் குளக்கட்டின் முழு நீளத்தையும் நடந்து, எங்கே கசிகிறது என்று குனிந்து குனிந்து பார்த்துவிட்டு வருவீர்கள். தண்ணீர் திறந்துவிடுகிற துருசுக்குள் வண்டல் அடைத்தால் கூலிக்காரரோடு நீங்களும் இடுப்பளவு சேற்றில் இறங்குவீர்கள். அந்தச் சேற்றை நான் கிணற்றடியில் தோய்த்திருக்கிறேன். அது ஓவசியரின் சேறு. அதை எடுத்து வேறொருவனுக்குக் கொடுக்க இவர்கள் யார்?

அந்தக் கோபத்தோடுதான் சீனாவுக்குப் போனேன். ஓம், போய்வந்துவிட்டேன். நீங்கள் வேலையால் வரும்போது ஒரு பத்திரிகைப் பக்கத்தைக் கொண்டுவந்து குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டி வைத்தீர்களே, அந்த ஆற்றுக்குத்தான். இரண்டாயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னம் கட்டியது, அணை இல்லை, கதவில்லை, தண்ணீர் தானாகப் பிரிகிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். எனக்கு விளங்கவில்லை என்றதும் பிட்டைச் சாப்பாட்டுக் கோப்பையின் நடுவில் குவித்து இரண்டு பக்கமும் சொதியை ஓடவிட்டீர்கள். பிட்டு சொதியைக் குடித்துவிட்டு இடிந்து விழுந்தது. வாசுகி சிரித்த சிரிப்பு நினைவிருக்கிறதா?

என்னோடு பேக்கரியில் வேலை செய்யும் மெய் என்கிறவள் அந்தப் பக்கத்து ஆள். தாயைப் பார்க்கப் போகிறேன், நீயும் வா என்றாள். நான் யோசிக்கவே இல்லை. அண்ணைதான் வீடு தேடி வந்து நின்றார்.

"ஆண்டு முடியமுதல் என்ன பயணம்? சனம் என்ன சொல்லும்?"

"ஆண்டு முடியுமட்டும் கோயிலுக்குத்தான் போகக்கூடாது. நான் வாய்க்கால் பார்க்கப் போறன்" என்றேன். மனுசன் தேத்தண்ணி குடியாமல் எழும்பிப் போய்விட்டார்.

மெய்யின் தாய் வீட்டுச் சாப்பாட்டை என்னவென்று சொல்ல? நீங்கள் மிளகாய்த்தூளில் பெருமை பேசுகிறவர். அங்கே ஒருநாள் சாப்பிட்டிருந்தால் வாயை மூடியிருப்பீர்கள். நாக்கே விறைத்துப்போய்விட்டது. மூன்றாம் நாள்தான் எங்களை ஆற்றடிக்குக் கூட்டிப்போனார்கள். நுழைவுச்சீட்டு வாங்கி, மற்றச் சுற்றுலாக்காரரோடு தொங்குபாலத்தில் ஏறி நடந்தோம். பாலம் ஆடுகிறது, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்க்கிறேன். நடு ஆற்றில் மீன் வாய் மாதிரி ஒரு கூரான மேடு. தண்ணீர் அதில் வந்து முட்டி இரண்டாகிறது. ஒரு பக்கம் வயலுக்கு, மற்றப் பக்கம் ஆற்றின் பாட்டுக்கு.

கொஞ்சம் கீழே தாழ்வான ஒரு கட்டு இருந்தது. வெள்ளம் கூடினால் மிச்சத் தண்ணீர் அதன்மேல் ஏறி, மண்ணையும் கல்லையும் அள்ளிக்கொண்டு ஆற்றுக்கே திரும்பிவிடுமாம். மெய் இங்கிலீசில் தடுமாறித் தடுமாறி விளங்கப்படுத்தினாள். எனக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அது வான். எங்கள் குளங்களில் நிறைந்த தண்ணீர் வழிந்தோட நீங்கள் காவல் நின்ற அதே வான். பக்கத்தில் நீங்கள் இல்லையே என்று அந்த இடத்தில் வாய்விட்டு அழுதேன். ஆர் பார்த்தால் எனக்கென்ன?

அதைக் கட்டிய ஆளுநருக்கும் மகனுக்கும் மேட்டில் ஒரு கோயில் வைத்திருக்கிறார்கள். மெய் ஊதுபத்தியோடு உள்ளே போனாள். நான் ஆண்டு முடியாதவள், படியிலேயே இருந்துவிட்டேன். அண்ணை நம்பமாட்டார், ஆனால் அந்த ஒழுங்கை நான் சீனத்துச் சாமிக்கும் மீறவில்லை.

ஒரு கிழவர் படி கூட்டிக்கொண்டு இருந்தார். மெய் வெளியே வந்ததும், இந்த மனுசி ஏன் உள்ளே போகவில்லை என்று அவளிடம் கேட்டார். புருசன் செத்து வருடம் ஆகவில்லை என்று அவள் சொன்னாள். அவர் விளக்குமாற்றைப் பிடித்தபடியே என்னைப் பார்த்து, புருசனுக்கு என்ன வேலை என்று கேட்டார்.

நான் "எஞ்சினியர்" என்றேன்.

கேட்டீர்களா? உங்கள் அண்ணையோடு எட்டு மாதம் சண்டை பிடித்த அதே வாய். என்னை ஒருவரும் அறியாத ஊரில், திரும்ப ஒருநாளும் காணப்போகாத மனுசனிடம், யோசிக்காமல் சொன்னேன். பிக்கரிங் ஆட்கள் அங்கே இருந்தார்களா? இல்லையே. அப்படியென்றால் நான் யாருக்குப் பயந்தேன்?

கிழவருக்குச் சந்தோசம். உங்கள் ஊரில் வாய்க்காலை எவ்வளவு ஆழத்துக்கு வெட்டுவார்கள், உங்கள் புருசன் எதை வைத்து அளப்பார் என்று ஆசையாகக் கேட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை. பிறகு மெய்யிடம் சொன்னேன்: "பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லு. அவர் எஞ்சினியர் இல்லை. சேத்துக்குள்ள இறங்கி வேலை செய்விக்கிற ஆள்."

மெய் சொன்னது அவருக்குச் சரியாக விளங்கவில்லை. நான் எழும்பி அந்தப் படியிலேயே நடித்துக் காட்டினேன். நீங்கள் குளக்கட்டில் நடக்கிற நடை, குனிந்து கசிவு பார்ப்பது, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவது எல்லாம். சுற்றுலாக்காரர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கிழவர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுக் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டி, காலில் இருந்த தழும்புகளைக் காட்டினார். அவரும் ஆற்றுக்குள் இறங்கினவர்.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு பக்கத்து ஆற்றை மறித்துவிட்டு அடியில் சேர்ந்த மண்ணை அள்ளுவார்களாம். எவ்வளவு அள்ளுவது என்பதற்கு அடியில் இரும்புத் தூண்களைப் படுக்கப் புதைத்து வைத்திருக்கிறார்கள். மண்வெட்டி இரும்பில் பட்டால் போதும், அதற்குமேல் வெட்டக்கூடாது. "எஞ்சினியர்மார் கரையிலை நிப்பினம். இரும்பிலை பட்டுது எண்டு சொல்றது உள்ளுக்கு நிக்கிற ஆள்" என்று அவர் சொன்னதாக மெய் சொன்னாள். பிறகு எங்களைக் கரைக்குக் கூட்டிப்போய், தான் வேலை செய்த இடத்தை ஒவ்வொன்றாகக் காட்டினார். உங்கள் பெயரைக் கேட்டார். சொன்னேன். நான் உங்கள் பெயரை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தரம். அவரால் அதைச் சொல்ல முடியவில்லை, ஆனாலும் மூன்று தரம் முயன்று பார்த்தார்.

திரும்பி வந்து எங்கள் அஜின்கோர்ட் வீட்டில் இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேன். பேப்பரில் போடப்போகிறேன் என்றதும் வாசுகி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிழை சொல்ல ஏலாது. அந்தப் பிக்கரிங் பெடியனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. நானும் அறையைச் சாத்திக்கொண்டு, ஒரு சொல்லுக்காகப் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்கிறேனோ என்று யோசித்தேன். மூன்றாம் நாள் அவளே வந்து, "எழுதினதை வாசியுங்கோ, எனக்கு உந்தத் தமிழ் ஃபாஸ்டா வாசிக்க வராது" என்றாள்.

இதுவரை உள்ளதை வாசித்துக் காட்டினேன்.

"அம்மா, அந்தக் கிழவர் படி கூட்டிக்கொண்டு நிண்டவர் எண்டு எழுதியிருக்கிறீங்கள். அப்பா இஞ்சை என்ன வேலை செய்தவர் எண்டு அவருக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"இதிலையும் எழுதேல்லை. பத்து வருசத்தை அப்பிடியே ஸ்கிப் பண்ணிப்போட்டீங்கள். பெரியப்பாவும் நீங்களும் சேம் திங்." அவளுக்குக் குரல் உடைந்தது. "குளத்தடி அப்பாவை நான் மாதத்துக்கு ஒருக்காத்தான் கண்டனான். எனக்குத் தெரிஞ்ச அப்பா கிளீனர். அவரையும் போடுங்கோ."

பிக்கரிங் ஆட்கள் என்ன சொல்லுவார்கள் என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவைக்குப் ப்ராப்ளம் எண்டா, எனக்கு இப்பவே தெரியவேணும்" என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். நீங்கள் ஊரில் ஓவசியர். இங்கே பத்து வருடம், நகரத்தில் ஒரு கந்தோர்க் கட்டடத்தில் கிளீனர். பதினெட்டு மாடியும் கூட்டித் துடைத்தீர்கள். விடிய முதல் ரயிலில் போய், வேலை முடிந்து வரும்போது உங்கள் கைகள் மருந்துத் தண்ணீரில் வெந்து வெளிறியிருக்கும். அந்தக் கையால்தான் வாசுகிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். இதில் ஒரு எழுத்தும் யாரும் திருத்தக்கூடாது என்று பேப்பர்க் கந்தோரில் நின்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

திவசத்துக்குப் பிக்கரிங் வீட்டார் வருவார்களோ, வராமல் விடுவார்களோ, எனக்குத் தெரியாது. வந்தால் வாசலில் நின்று வரவேற்பேன். வராவிட்டால் ஒருவரையும் போய்க் கெஞ்சமாட்டேன். வாசுகிக்கு என்றைக்குக் கலியாணக் கார்ட் அச்சடித்தாலும், உங்கள் பெயருக்கு முன்னால் ஒரு பட்டமும் ஏறவிடமாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

ஓவசியரும் கிளீனருமான உங்களுடைய மனிசி,
வாசுகியின் அம்மா