ஒரு தடவைதான் கேட்பார்கள்

கிழக்குத் தாம்பரம்
ஏப்ரல் 12

அன்பு மகள் ஜெரூஷாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீயும் ஹாம்பர்க் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன மாதம் போனில், "உங்க கொயர் நெதர்லாந்து வர்றப்ப நானும் ட்ரெயின்ல வந்து ரெண்டு நாள் கூட இருக்கட்டுமாம்மா" என்று கேட்டாய். வேண்டாம்மா, உனக்கு எதுக்கு வீணா லீவு என்றேன். நீயும் சரிம்மா என்று வைத்துவிட்டாய். அந்தச் சரிம்மாவை மூன்று வாரமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், போனில் பேசினால் என் வாய் மறுபடியும் வேண்டாம் என்றுதான் சொல்லும்.

சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்ததும் சபை ஹாலில் எங்கள் பன்னிரண்டு பேருக்கும் டச்சுக்காரர்களின் பழக்கவழக்க வகுப்பு நடக்கிறது. அந்த ஊர் கொயர்காரர்கள் வீடுகளில் ஆளுக்கொரு வீடாகத் தங்கப்போகிறோம், போன இடத்தில் மானம் போகக்கூடாது இல்லையா. சொல்லிக்கொடுப்பவள் எழில், அங்கே நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்த பெண், கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வந்து போகிறாள். உன் வயதுதான் இருக்கும், வெடுக்கென்று பேசினாலும் கெட்டிக்காரி. முதல் வாரம் வந்ததுமே எல்லோரையும் பார்த்து டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். நாம் என்ன சொல்வோம், வேண்டாம்மா இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம் என்றோம், எங்கள் கொயர் இவ்வளவு ஒன்றாகச் சேர்ந்து பாடியதே இல்லை. டெனர் குரலில் பாடும் ஆபேல் சார் மட்டும் சரியென்று தலையாட்டினார். அவள் ஒரே ஒரு டீ போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்துவிட்டாள். அவர் உறிஞ்சுவதை நாங்கள் பதினொரு பேரும் தொண்டை காய்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில்தான் சொன்னாள், "அங்க ஒரு தடவதான் கேப்பாங்க ஆன்ட்டி. நீங்க வேணாம்னா நெஜமாவே வேணாம்னு எடுத்துப்பாங்க. உங்க வார்த்தைக்கு அவங்க குடுக்கிற மரியாதை அது" என்று.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, இரண்டு தடவை கேட்டால் நாக்கு தேய்ந்துவிடுமா என்று. ஆனால் யோசிக்க யோசிக்க அவர்களைப் பிடித்துப்போயிற்று. மனதில் ஒன்று வாயில் ஒன்று என்று வைத்துக்கொள்வதில்லை. அப்பாவிடம் சோதித்துப் பார்த்தேன், இன்னொரு தோசை வேண்டுமா என்றதற்கு வழக்கம்போலப் போதும் என்றார், அடுப்பை அணைத்துவிட்டேன். தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேஸ் தீர்ந்துடுச்சா கிருபா என்றார். இன்னொன்று கேள். அங்கே பிறந்தநாள் என்றால் பிறந்தநாள்காரருக்கு மட்டுமில்லை, பெற்றவர்களுக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்வார்களாம். உன்னைப் பெற்றபோது பதினாறு மணி நேரம் வலி எடுத்தது, இருபத்தொன்பது வருஷத்தில் ஒருத்தராவது எனக்கு வாழ்த்துச் சொன்னார்களா என்று அப்பாவிடம் கேட்டேன். எழுந்து வந்து கைகொடுத்தார், கொஞ்சம் லேட்டாயிடுச்சு என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மதியம் ரொட்டியும் சீஸும்தானாம், அதற்கும் தயாராகிவிட்டேன், புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் பெட்டிக்குள் போவது எழிலுக்குத் தெரியாது.

போன சனிக்கிழமை அவள் மறுபடி டீ கேட்டபோது, வேணும், சர்க்கரை ஒன்றரை ஸ்பூன் என்றேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. ஐம்பத்தொன்பது வயதில் இதற்கா இப்படிக் கூச்சம் என்று நினைக்கும்போதுதான் உன் ஞாபகம் வந்தது ஜெரூ. பிள்ளை மாறிவிட்டாள், ஒரு பேச்சுக்குக்கூட மறுபடி கேட்கவில்லை என்று அப்பாவிடம் அழுதிருந்தேன். "அவ கேட்டா, நீ வேணாம்ன. இதுல அவ தப்பு என்ன" என்றார், அப்போது அவர்மேலும் கோபித்துக்கொண்டேன். நீ என் வார்த்தையை மதித்தாய், பொய் சொன்னது நான்தான். நீ இரண்டாம் தடவை கேட்பாய் என்று காத்திருந்தால், அதற்குள் நான் நெதர்லாந்து போய் ஊரே திரும்பிவிடுவேன்.

அதனால் நீ கேட்காமலே சொல்கிறேன். நீ வரவேண்டும். இரண்டு வருஷமாக உன்னைப் போனில்தான் பார்க்கிறேன், பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது. நான் தங்கப்போகும் வீட்டுக்காரம்மாவுக்கு, மகள் வந்தால் தங்கலாமா என்று எழில் உதவியோடு நேராகவே கேட்டு எழுதினேன். தாராளமாக, மாடியில் இன்னொரு கட்டில் இருக்கிறது என்று ஒரே வரியில் பதில் வந்துவிட்டது. ஜூன் பதினெட்டும் பத்தொன்பதும் எங்களுக்கு நிகழ்ச்சி இல்லை. உனக்கு முடியாது என்றால் முடியாது என்றே சொல். அழுவேன், ஆனால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, அப்பாவும் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறார். வரும்போது எனக்கென்று ஒன்றும் வாங்கிக்கொண்டு வர வேண்டாம். இந்த ஒரு வேண்டாம் மட்டும் நிஜமான வேண்டாம்.

உன்னைப் பார்க்க ஆசைப்படும் அம்மா,
கிருபா வேதசிரோமணி