நீ விடாத கோல்

மச்சான்,

பகல் தேயிலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் அத்தை நேரே தோட்டத்து ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். காலையிலிருந்து மழை விடவில்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கு நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஈரச் சாக்கு வாசனை உள்ளே வந்ததும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். உன் உள்ளங்கை வாசனை அது. நீ போய்ச் சேர்ந்து நாலு மாதமாகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. மறைப்பானேன், வரவில்லை, அவ்வளவுதான்.

சேலை மடிப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். இந்தியாவுக்குப் போக மனு. கொழும்புப் பெரியவர்களும் இந்தியப் பெரியவர்களும் நம்மைப் பங்கு பிரித்துப் பேசி முடித்துவிட்டார்கள் அல்லவா, வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் இப்போது இதே பேச்சுத்தான்.

"நீதான் எழுதணும் மருமகனே. போன மனுவையும் நீதானே எழுதுன. ஒன் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு எம்மவன் சொல்லுவான்," என்றார்.

நாளைக்கு எழுதித் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் மலைக்குத் திரும்பிப் போய்விட்டார். அந்தத் தாள் என் மேசையில் கிடக்கிறது. அதை எழுதுவதற்கு முன்னால் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

நம் கிரவுண்டு உனக்கு ஞாபகம் இருக்காமல் போகாது. தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கும் கோயிலுக்கும் நடுவே துரை வெட்டிக் கொடுத்த ஒரு துண்டு நிலம். கீழ்ப்பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால் தரை கிடையாது, நேரே தேயிலைச் சரிவுதான். பந்து உள்ளே போனால் உருண்டு உருண்டு ஆற்றங்கரையில்தான் நிற்கும். கோல் விட்டவன்தான் இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும், அதுதான் நம் தோட்டத்துச் சட்டம். அட்டைக் கடியோடு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வருவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். அதனால் அந்தக் கோலில் நிற்க ஒருத்தனும் முன்வர மாட்டான். நீ மட்டும்தான் போய் நின்றாய்.

"எறங்கிப் போறதுக்கு எனக்குச் சோம்பேறித்தனம்டா. அதான் பிடிச்சிர்றேன்," என்பாய்.

மூடுபனியில் தோல் பந்து சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். அத்தை தன் பழைய படங்கைக் கிழித்துப் பட்டை பட்டையாக உன் கையில் சுற்றிவிடுவார். "நல்லா இறுக்கிக் கட்டும்மா, மாடா கட்டுற?" என்று நீ கத்துவாய். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் முதலில் உன் கையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆட்டம் முடிந்ததும் தங்கள் கோல் கீப்பருக்கும் சாக்குத் துண்டு கேட்டார்கள். பின்காவலில் நின்ற எனக்கு அதிகம் வேலையே இருக்காது. என்னைத் தாண்டிப் போன பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

அந்தக் காலத்தில்தான் பிரஜாவுரிமை மனு வந்தது. சங்கத்துக்காரர்கள் முதலில் போடாதே என்றார்கள், பிறகு கெடு முடியப்போகிறது, எல்லாரும் போடு என்றார்கள். ஒரே அவசரம். லயத்தில் எட்டாம் வகுப்பு முடித்தவன் நான் ஒருத்தன். பதினாறு வயது. மண்டை நிறைய கர்வம். வாசல் ஸ்தோப்பில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வீட்டுக்கு வீடு எழுதிக் கொடுத்தேன். உன் அப்பா செத்திருந்ததால் அத்தையின் பேரில் மனு, நீ சின்னவன் என்பதால் அதற்குள்ளேயே உன் பேர்.

இந்த நாட்டை விட்டு வெளியே போனதுண்டா, எவ்வளவு காலம் என்று அதில் ஒரு கேள்வி. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவன் கைப்புள்ளயா இருக்கையில கொலதெய்வத்துக்கு முடி எறக்க இந்தியாவுக்குக் கூட்டிட்டுப் போனோம். கெடா வெட்டி, காது குத்தி, ஊருக்கே சோறு போட்டோம். போன எடத்துல இவுக அப்பாவுக்குக் காச்ச விழுந்து பதினாலு மாசம் தங்கிட்டோம். எல்லாத்தையும் எழுதுப்பா. சாமி காரியத்த மறைச்சா ஆகுமா?"

எழுதினேன். ஒன்றையும் விடவில்லை. குலதெய்வம், கிடா, காதுகுத்து, பதினாலு மாதம். இவ்வளவு சீராகச் செய்த குடும்பம் என்று தெரிந்தால் ஆபீசர் மதிப்பார் என்று நான் நினைத்தேன். என் முடியை இறக்கியது நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில். கப்பல் ஏற என் அப்பனுக்கு வழியில்லை. எனக்கு அதில் வெட்கம்கூட உண்டு. என் வீட்டு மனுவில் அந்த இடத்தில் "இல்லை" என்று ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்குத்தான் எனக்கு உரிமை கிடைத்தது என்பது பிற்பாடு தெரிந்தது.

மனு போய் வருஷக்கணக்கில் பதில் இல்லை. நாமும் மறந்துவிட்டோம். அட்டனில் நடந்த ஒரு ஆட்டத்தில் உன்னைப் பார்த்த கொழும்புக் கம்பெனிக்காரர் ஒருவர் கையோடு கூட்டிப் போனார். ஸ்டோர்க்கீப்பர் என்று பேருக்கு ஒரு வேலை. ஆனால் சம்பளம் பந்து பிடிப்பதற்குத்தான். நம்ப முடியாமல் லயமே சிரித்தது. "பந்து பிடிக்கச் சம்பளமா? அடப் போங்கடா!" என்று பெரிய கங்காணி வெற்றிலையைத் துப்பினார். முதல் லீவில் நீ நிஜமான கையுறையோடு வந்து இறங்கினாய். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாக்கு அளவுக்கு இது பிடிக்குமாடா?" என்று கேட்டார்.

"பிடிக்காதும்மா. ஆனா கொழும்புல சாக்கக் கட்டிக்கிட்டு நின்னா அடிப்பாங்க."

உன் கடைசி ஆட்டத்தைப் பார்க்க நான் ரயில் ஏறி வந்தேன். கொழும்பு வெயிலில் எனக்குத் தலை சுற்றியது. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் எதிராளிக்குப் பெனால்ட்டி கிடைத்தது. அடிக்க வந்தவன் ஆறடி உயரம். நீ கோட்டில் நின்று, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, சரிவைக் காட்டுவது போலப் பின்பக்கம் கட்டைவிரலைக் காட்டினாய். பிறகு இடப்பக்கம் விழுந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாய். நான் கத்திய கத்தில் மூன்று நாள் தொண்டை கட்டிக்கொண்டது. அன்று மாலை மலாயாவுக்குப் போகும் நாட்டு அணியில் உன் பேரை எழுதினார்கள். பாஸ்போர்ட்டுக்குப் பேப்பர் கொண்டுவா என்றார்கள்.

பேப்பர் எங்கே இருக்கிறது? விசாரணைக்கு அத்தையைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள், முடிவு வரவில்லை. அது வந்தபோது நீ அதற்காகவே லீவு போட்டுத் தோட்டத்தில் இருந்தாய். அப்போது ஆபீசில் கிளார்க்காகியிருந்த நான்தான் தபால் பையிலிருந்து எடுத்தேன். இங்கிலீசில் இருந்தது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கியதால் தொடர்ச்சியாக வசிக்கவில்லை, மனு தள்ளுபடி. ஆதாரம் மனுதாரரே எழுதிக் கொடுத்தது. ஸ்டோருக்குப் பின்னால் நின்று உனக்குத் தமிழில் சொன்னேன்.

"நான் எழுதுனதுடா. என் கையால எழுதுனது. ஒரு அற அறைடா," என்றேன்.

நீ பேப்பரை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தாய். "நீ எழுதுனது பொய்யா? இல்லைல்ல. அப்புறம் என்னத்துக்கு அற?" என்றாய். பையின் மேல் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிராத. லயத்துல பாதிப் பேருக்குத் தள்ளிட்டாங்க, அதோட இதுவும் ஒண்ணுன்னு இருக்கட்டும். சாமிக்குப் போனதுதான் குத்தம்னு தெரிஞ்சா அது தாங்காது," என்றாய்.

சத்தியம் செய்து கொடுத்தேன்.

மலாயா போயிற்று. இனி நாட்டுப் பிரஜைகளுக்குத்தான் வேலை என்று கம்பெனியும் கைவிரித்தது. இருபத்து மூன்று வயதில் தகரப் பெட்டியோடு அட்டன் ஸ்டேஷனில் வந்து இறங்கினாய். லயமே கூடி நின்று ஏன் வந்தாய் என்று கேட்டது. நீ சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

"கோல் விட்டுட்டேன். கடைசி ஆட்டத்துல ஒரு பெனால்ட்டி. கையில பட்டு நழுவிருச்சு. அனுப்பிட்டாங்க."

அடப்பாவி! பேப்பரைப் பற்றி வாயெடுத்தால் அத்தை காரணம் கேட்பார், சரி. வேறு எதையாவது சொல்லியிருக்கக் கூடாதா? முதலாளியோடு சண்டை, காலில் அடி, எத்தனையோ இருக்கிறதே. உன்னிடம் இருந்ததிலேயே நல்லதை எடுத்து உடைத்துப் போட்டாய். நான் வாயைத் திறந்தேன். நீ என்னைப் பார்த்தாய். மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஸ்டோரில் ரோலருக்குக் கொழுந்து போட்டாய். பொடிப்பயல்கள்கூட "நழுவல்" என்று உனக்குப் பேர் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் விளையாடும்போது பந்து சரிவில் உருண்டால், "அண்ணே, நீங்கதான் பழக்கப்பட்ட ஆளு, எடுத்துட்டு வாங்க," என்பார்கள். நீ எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவாய். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவைகூட அவர்களை அதட்டவில்லை நீ. எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்கள் மேலா, உன் மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியாத ஆத்திரம். இப்போது அதுவும் இல்லை.

அடைமழையில் நெஞ்சுச் சளி, காய்ச்சல். மூன்று நாள்தான். பாடையின் முன்பக்கத்தில் நான் தோள் கொடுத்தேன். தப்படித்தார்கள், பெண்கள் அழுதார்கள். எனக்குத் தோள் வலித்தது மட்டும் நினைவிருக்கிறது.

இதுவரை எழுதியது நேற்று. இன்று பகல் அத்தை மறுபடி வந்தார். ஆபீசுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து, மனுவை நிரப்பத் தொடங்கினேன். இந்தியாவில் சொந்தம் உண்டா, எப்போதாவது போனதுண்டா என்று கேள்வி வந்தது. அவர் மறுபடியும் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முடி எறக்கப் போனத எழுது. கெடா வெட்டுனது, பதினாலு மாசம் தங்குனது, எல்லாத்தையும் எழுது மருமகனே. இப்ப அதுதான் ஒதவும்னு சொல்றாங்க. அந்தச் சாமி கைவிடாது."

எழுதினேன். அதே வரிகள். எழுத்து முத்து முத்தாகவே வந்தது. அத்தை மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கி அந்த ஒரு பந்த மட்டும் பிடிச்சிருந்தான்னா, கொழும்புலயே நல்லா இருந்திருப்பான். இல்ல மருமகனே? ஒரே ஒரு பந்து."

பேனாவை மைக்கூட்டில் தோய்த்தேன். அந்தப் பந்து உன் நெஞ்சில் இருந்தது. நான் பார்த்தேன். இந்த மலையில் அதைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான் இருக்கிறேன்.

"ஆமா அத்தை," என்றேன். "நழுவிருச்சு."

அவர் ரேகை வைத்துவிட்டுப் போனார்.