மரச்சீனியிலிருந்து விடுதலை

திங்கள். விடியலிலிருந்தே மழை.

துணி காயவில்லை. என் வீட்டுக்காரருடைய கால் பெருவிரல் புண்ணுக்கு மருந்து கட்டியாயிற்று. சுகர் இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம்.

துபாய் ஹோட்டலில் இருபது வருஷம் பாஸ்தா கிண்டிய மனுஷர். சோற்றை விட்டார், மரவள்ளிக் கிழங்கை, எங்கள் ஊர் மரச்சீனியை, விட்டார், பாஸ்தாவை மட்டும் விடமாட்டாராம். போன வாரம் பாஸ்தாவுக்குப் பதில் வெள்ளரிக்காய், சுரைக்காய். இன்று பப்பாளிக்காயை நூல் நூலாகச் சீவி, அவித்து, மீன்குழம்பு ஊற்றிக் கொடுத்தேன். தட்டைத் தள்ளிவிட்டு, "எடி கிரேசி, இது பாஸ்தா இல்ல, பசுவுக்குப் போடுறதாக்கும்" என்கிறார். யார் காலுக்காக இந்தப் பாடு?

செவ்வாய். தூறல்.

எல்லை தாண்டி நெய்யாற்றின்கரை கடையில் புது பாஸ்தா. பாக்கெட் முன்பக்கம் பெரிய எழுத்து: கோதுமை இல்லை, மைதா இல்லை. டாக்டர் வேண்டாமென்ற இரண்டும் இல்லை! மூன்று பாக்கெட். வந்ததும் இரண்டை டப்பாவில் கொட்டினேன். மத்தியானம் இரண்டு தட்டு சாப்பிட்டார். ஒரு குறையும் சொல்லவில்லை. அப்பாடா.

சனி.

தினமும் அதே பாஸ்தா. இன்று சுகர் 318!

வியாழக்கிழமை வெள்ளறடையில் தன் தம்பி வீட்டுக்குப் போனாரே. அங்கே வீட்டைச் சுற்றியுள்ள விளை முழுக்க மரச்சீனி.

"தம்பி வீட்ல மரச்சீனி தின்னியளா?"

"இல்ல. பாலில்லாத கட்டன்சாயா மட்டும் குடிச்சேன்."

பைபிள்மேல் கைவைக்கச் சொன்னேன். வைத்தார். நம்புவேனா? புளுகு.

ஞாயிறு.

எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். விண்ணப்பம் உண்டா என்று கேட்டதும் எழுந்துவிட்டேன். "இவருக்கு ஒளிச்சு மரச்சீனி தின்னுற பழக்கம் உண்டு. விடுதலைக்கு ஜெபிக்கணும்."

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா சிரிப்பை அடக்கியது கேட்டது. சிரிக்கட்டும். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது இவர்தான்.

திங்கள். நல்ல வெயில்.

துணி துவைக்கணும். கோழிக்கூடு கழுவணும்.

டப்பா காலி. கடைசிப் பாக்கெட்டைக் கிழிக்கும்போதுதான் பின்பக்கம் பார்த்தேன். மலையாளத்தில், பொடி எழுத்தில்: மரச்சீனி மாவு. அதைத் தவிர ஒன்றுமில்லை. மூன்று முறை வாசித்தேன். கொல்லையில் நின்ற மரச்சீனியை மூடோடு வேரோடு பிடுங்கி ஊருக்குக் கொடுத்தவள் நான். அதையே கடையில் வாங்கி, என் கையால் அவித்து, ஆறு நாள் ஊட்டியிருக்கிறேன். செருப்பால் அடிக்கணும் என்னை.

பாக்கெட்டை இவர் முன்னால் எறிந்தேன். பார்க்கக்கூட இல்லை.

"மொத நாளே ருசி தெரிஞ்சுது."

தெரிந்ததாம்!

"பின்ன பைபிள்மேல கை வெச்சது?"

"தம்பி வீட்லயான்னுதான கேட்ட?"

"வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னா நீ நிறுத்திருவியே."

"வெரலு போயிரும் மனுஷா!"

நாளை காலை ஆஸ்பத்திரி. வாய்விட்டு அழவும் முடியவில்லை, கோபம்தான் வருகிறது. ஸ்டெல்லா முகத்தில் எப்படி விழிப்பது?

மீதி பாஸ்தாவை அவித்துக் கோழிக்குப் போட்டேன். கொத்திக் கொத்தித் தின்கின்றன. இவர் கட்டுப்போட்ட காலோடு ஜன்னலில் நின்று அதையே பார்க்கிறார்.