படத்துக்கு வெளியே நின்றவளுக்கு

இன்று காலை பஞ்சாயத்துப் பள்ளிக்கூட வராண்டாவில் பவுடர் வாசம் அடித்தது. காப்பீட்டு அட்டைக்குப் படம் எடுக்கிற முகாம். வெயிலில் வரிசை கட்டி நின்ற பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைப்பதும் மறுபடி பவுடர் போடுவதுமாக இருந்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும், முன்பு நம் அட்டைக்குப் படம் எடுத்த அன்றைக்கு இதே வராண்டாவில் இருந்த அத்தனை பேரும் என் முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். உன் அண்ணன். உன் பெரியம்மா கன்னியம்மா. என் மகன் சேகர். அப்போது புது மருமகளாக இருந்த தேவி. கேமரா வைத்திருந்த கண்ணாடிக்காரர். நான். அப்புறம், தூணுக்குப் பக்கத்தில் நீ.

நீ எனக்கு நாத்தனார் என்று ஊர் சொல்லும். புருஷனைப் பறிகொடுத்து ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய நாளில் எனக்கும் உன்னை அப்படித்தான் தெரியும். பிறகு சிப்காட் வாசலில் இரண்டு பேரும் சேர்ந்து நாஷ்டா கடை போட்டோம். இரும்புக் கம்பெனியில் ஷிப்டு முடிந்து கரியும் தூசுமாக வருகிறவர்களுக்கு நான் இட்லி எடுத்து வைப்பேன், நீ சட்னி ஊற்றுவாய். கேட்காதவர்களுக்கும் இரண்டாவது கரண்டி ஊற்றுவாய்.

"சட்னியிலயே கடைய மூழ்கடிச்சிடுவே நீ" என்று நான் கத்துவேன்.

"இட்லி கல்லு மாதிரி கீதே அண்ணி, சட்னி இல்லாட்டி எப்பிடி எறங்கும்?" என்று தெருவே கேட்கும்படி சொல்வாய். கம்பெனி ஆட்கள் சிரிப்பார்கள். அதையும் நான் மறக்கவில்லை. என் இட்லி ஒருநாளும் கல்லாக இருந்ததில்லை.

கம்பெனிக்காரர்களுக்கு இருக்கிற மாதிரி நமக்கு ஈ.எஸ்.ஐ. கிடையாது. பெரிய நோவு வந்தால் அரசாங்கக் காப்பீட்டு அட்டை ஒன்றுதான் வழி. ரேஷன் கார்டில் பேர் உள்ளவர்கள் எல்லாரும் நேரில் வந்து படத்தில் உட்கார வேண்டும், முகம் இருந்தால்தான் ஆஸ்பத்திரியில் செல்லும் என்று அன்றைக்கு மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நீ தலை வாரி, நீலச் சேலை கட்டி வந்திருந்தாய். பெஞ்சில் உட்காரப் போனவளை உன் பெரியம்மா கையை நீட்டி மறித்தார்.

"குடும்பத்தோட படம் எடுக்கறாங்கோ. புதுப் பொண்ணு வேற உக்காந்துகினு கீது. நீ இன்னாத்துக்கு நடுவுல? தள்ளி நில்லு."

கல்யாண வீட்டில் மாலையும் கழுத்துமாகப் படம் எடுக்கும்போது தாலி இழந்தவளிடம் சொல்கிற அதே பேச்சு. இது கல்யாணப் படம் இல்லை, நோவுக்காக எடுக்கிற படம் என்று அந்த அம்மாளுக்கு உறைக்கவில்லை. உனக்கும் உறைக்கவில்லை. ஒதுங்கி ஒதுங்கிப் பழகிய கால், தானாகத் தூணுக்குப் போய்விட்டது.

கண்ணாடிக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "கார்டுல இன்னொரு பேரு இருக்குதே, தங்கச்சின்னு. அவங்க எங்க?"

உன் அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, "அவ்ளோதான் சார். நீங்க எடுங்க" என்றார்.

"இன்னாய்யா அவ்ளோதான்? தோ நிக்கிறாளே!" என்று நான் திரும்பிக் கத்துவதற்கும் வெளிச்சம் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. எழுந்து சண்டை போட்டேன். மறுபடி எடுக்கச் சொன்னேன். பின்னால் நின்ற வரிசை கூச்சல் போட்டது. "ஊட்டு சண்டைய ஊட்ல வெச்சிக்க" என்றார் உன் அண்ணன். நீயே வந்து என் கையைப் பிடித்து இழுத்தாய்.

"வுடு அண்ணி. இட்லி குண்டானத் தூக்கறவளுக்கு இன்னா நோவு வரப்போவுது?"

வந்தது. ரயில்வே மேம்பால ஏற்றத்தில் கடை வண்டியைத் தள்ளும்போது உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வெயில் என்றாய். அப்புறம் மாவாட்டும்போது வாங்கியது. பித்தம் என்றாய். ஒருநாள் சட்னிக் கரண்டியோடு அப்படியே சாய்ந்தாய். இரண்டு கம்பெனி ஆட்கள்தான் உன்னைத் தூக்கினார்கள்.

மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இதயத்தில் வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் தாங்காது. காப்பீட்டு மேஜையில் இருந்த பெண் நம் அட்டை எண்ணைத் தட்டினாள். திரையில் எங்கள் முகமெல்லாம் வந்தது. நான் மட்டும் பக்கவாட்டில் வாயைப் பிளந்துகொண்டு.

"இதுல பேஷண்ட் யாரும்மா?"

"பேரு கீதும்மா, பாரு."

"பேரு இருக்குது, முகம் இல்லியே. உங்க கலெக்டர் ஆபீஸ்ல காப்பீட்டு கவுண்டர்ல போய் சேத்துட்டு வாங்க. பேஷண்ட் நேர்ல போணும்."

கலெக்டர் ஆபீஸ் திருவள்ளூரில். உன் அண்ணனுக்குப் போன் போட்டேன். ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு நேராக அங்கே வந்துவிடு, குடும்பத் தலைவர் நீதானே என்றேன். "எனக்கு ஷிப்டு கீது. லீவு கேட்டா சூப்பர்வைசர் பேஜாரு பண்ணுவான்" என்று வைத்துவிட்டார். கம்பெனி கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் பார்க்கிற காண்டிராக்ட் வேலை அவருக்கு. சேகர்தான் கார்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

டாக்டரம்மா உன்னை அனுப்ப மாட்டேன் என்றார். அப்புறம் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, போனதும் திரும்பிவிடுங்கள் என்று விட்டார். சென்ட்ரலில் திருவள்ளூர் ரயில் ஏறினோம். என் தோளில் சாய்ந்திருந்தாய். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் உன் நகத்தைப் பார்த்தேன். நீலம் ஏறிக்கொண்டிருந்தது. வேப்பம்பட்டில் ஒரு பெண் கூடையோடு ஏறினாள்.

"அண்ணி, ஒரு கொய்யாக்கா வாங்கேன்."

"மூச்சு வுட முடியல, உனக்கு கொய்யாக்கா கேக்குதா?"

"நெஞ்சுலதான நோவு? வாயில இல்லியே."

எதிர் சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். மிளகாய்த்தூள் போட்டு வாங்கிக் கொடுத்தேன். பாதிதான் தின்றாய். மீதியை என் வாயில் திணித்தாய்.

திருவள்ளூரில் சேகர் கார்டோடு காத்திருந்தான். கவுண்டரில் இருந்தவர் தலையைத் தூக்காமல், "சர்வர் இல்ல. திங்கக்கிழம வாங்க" என்றார்.

"திங்கக்கிழம வரைக்கும் இவ இருப்பான்னு எழுதிக் குடு சார், போறேன்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. தரையில் சுவரோடு உட்கார்ந்திருந்த நீ கையை ஆட்டினாய். "கோச்சிக்காத சார். எங்க அண்ணி எல்லார்கிட்டயும் இப்பிடித்தான்." கடைக்கு வருகிறவர்களைச் சமாதானம் பண்ணுகிற அதே குரல். அவர் எட்டி உன்னைப் பார்த்தார். உன் உதட்டைப் பார்த்தார். எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். யாரிடமோ பேசினார். அங்கே இருந்த வேறொரு கம்ப்யூட்டருக்கு நம்மைக் கூப்பிட்டார்.

நாற்காலியில் உன்னை உட்கார வைத்ததும், "நீயும் வா அண்ணி" என்றாய். ஒருத்தர் மட்டும்தான் என்றார்கள். உடனே எழுந்துவிட்டாய். அந்தப் பழகிய கால்! வாசலை மறித்து நின்றேன். "எந்திரிச்சேன்னா கால ஒடச்சிடுவேன்."

உட்கார்ந்தாய். கேமராவைப் பார்த்து, "சிரிக்கலாமா சார்?" என்றாய்.

"தாராளமா சிரிங்கம்மா."

அத்தனை பல்லும் தெரியச் சிரித்தாய்.

அந்த முகத்தைக் காட்டித்தான் உனக்கு வால்வு வைத்தார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. அதற்கப்புறம் நீ பக்கத்தில் உட்கார்ந்தால் உன் நெஞ்சுக்குள் டிக் டிக் என்று கேட்கும். "மணி இன்னான்னு பாத்து சொல்லு அண்ணி" என்று நெஞ்சைக் காட்டுவாய். வண்டி தள்ள உன்னை நான் விடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து சட்னி மட்டும் ஊற்றினாய். இரண்டாவது கரண்டியும் ஊற்றினாய்.

உன் பெரியம்மா கருவாட்டுக் குழம்போடு வார்டுக்கு வந்தார். உப்பே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த நேரம். "நான்தான்டி உன்னத் தள்ளி நிக்கச் சொன்னேன்" என்று உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரை மன்னித்துவிட்டேன். தனக்குச் சொல்லப்பட்டதை உனக்குச் சொன்னவர், அவ்வளவுதான். அவரும் அப்படித் தூணோரம் நின்ற காலம் உண்டு.

போன ஆடியில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்த நீ எழுந்திருக்கவில்லை. உன் நெஞ்சில் காதை வைத்தேன். சத்தம் இல்லை. மாலை போட ஒரு படம் தேடினோம். வீட்டில் உன் படம் ஒன்றுகூட இல்லை. எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து! எதிலும் நீ இல்லை. கடைசியில் அந்த அட்டைப் படத்தைத்தான் சேகர் பெரிதாக்கிக்கொண்டு வந்தான். கருமாதிக்கு வந்தவர்களையெல்லாம் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாய்.

அந்தப் பந்தலில்தான் உன் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னார்: "என் தங்கச்சிக்காக நாய் மாதிரி அலஞ்சேன். திருவள்ளூருக்கு கூட்டிகினு போய் கார்டு வாங்கி, ஆபரேசன் பண்ணி வெச்சவன் நான்." கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். நான் தண்ணீர்ச் சொம்போடு பின்னால் நின்றிருந்தேன். உன் படத்துக்கு முன்னால் கத்த வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். என் ஜென்மத்தில் வாயை மூடியது அந்த ஒரு தடவை.

இன்றைக்கு முகாமில் பக்கத்துத் தெரு வள்ளி, போன வருஷம் புருஷனை இழந்தவள், பெஞ்சை விட்டு மெல்ல நகர்ந்தாள். யாரும் ஒன்றும் சொல்லக்கூட இல்லை. அவள் தோளைப் பிடித்து நடுவில் உட்கார வைத்தேன். "ஆயா, வலிக்குது" என்றாள். வலிக்கட்டும். இப்போதெல்லாம் யார் எங்கே படம் எடுத்தாலும் நான் ஓரத்தில் நிற்பது யாரென்றுதான் முதலில் பார்க்கிறேன். அது உன்னால் வந்த பழக்கம், என்னோடுதான் போகும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் ஒன்று கேட்டாய். "அண்ணன் பாவம். மன்னிச்சிடு அண்ணி." நீ கேட்டு நான் செய்யாதது அது ஒன்றுதான். சோறு போடுகிறேன். பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன். துணி துவைக்கிறேன். கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அவர் பேரை நான் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டை நீட்டிவிடுவேன். எழுத்துக் கூட்டி இன்றைக்கு முதல் முதலாக எழுதுகிறேன், நீ கோபித்துக்கொண்டாலும் சரி. நான் மன்னிக்காத ஒரே ஆள் கோவிந்தசாமி.