உன் அம்மா கேட்டதற்கு நான் சொன்ன பதில்

மேசையில் உன் அம்மா கட்டிக்கொடுத்த மல்லாட்டை இருக்கிறது. காலையில்தான் செடியோடு பிடுங்கி அவித்தாராம். வீடெல்லாம் அந்த ஈர வேர்க்கடலை வாசனை. உங்கள் ஊர் கலவையிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஒன்றைக்கூட உரித்துத் தின்ன முடியவில்லை. உன்னிடம் சொல்லாமல் தொண்டையில் இறங்காது போலிருக்கிறது, அதான் எழுதுகிறேன்.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் நான் உன் சூப்ரவைசர். தையல் லைனில் நீ நாலாவது மிஷின். நான் பிறந்ததே சர்ச்சுக்குப் பக்கத்துத் தெருவில். நீ ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பக்கத்து மிஷின் செல்வியைப் புருஷன் விட்டுப்போன வாரம் அது. "ஏண்டி, உங்க யேசு என்னை மாதிரி ஆளுங்க சொல்றதையும் கேப்பாரா?" என்று உன்னிடம் கேட்டாள். நீ உடனே மிஷினை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாய்.

"இன்னாடி, லைனே நிக்குது! லஞ்ச்ல சொன்னா ஆவாதா?" என்று கத்தினேன்.

"அவங்க இப்பதான்க்கா கேக்குறாங்க. பீஸெல்லாம் முடிச்சிட்டுதான் வீட்டுக்குப் போவேன்" என்றாய்.

சொன்னபடியே முடித்துவிட்டுத்தான் போனாய். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. நேற்று வந்தவள் எனக்கே பாடம் நடத்துகிறாளா என்று ஒரு வாரம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. லைன் நின்றதற்கா அந்தக் கோபம்? அத்தனை வருஷத்தில் ஒருத்தியிடம்கூட ஆண்டவரைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை. அந்த வெட்கம்தான் அப்படிக் கத்தியது.

பத்து நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். அடக்கம் முடிந்ததும் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "யம்மா, நான் மாரியாத்தாவக் கும்புடறவ, எனக்கு ஒன்னும் தெரியாது. எம்பொண்ணு இப்ப எங்க இருக்கா? நீ சொல்லேன்."

"பாஸ்டர் ஐயா நல்லா சொல்வாரும்மா" என்று கையை உருவிக்கொண்டேன்.

அதன்பிறகு ஜெபிக்க முழங்காலிட்டால் உன் அம்மாவின் முகம்தான் வரும். உன் அம்மாவிடம் போகச் சொல்வது யார் என்று தெரியாமல் இல்லை. ஷிப்மென்ட் போகட்டும் ஆண்டவரே, ஈஸ்டர் முடியட்டும், வெயில் தணியட்டும். அவரிடமே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், பார்!

இன்று போனேன். படித்துவைத்திருந்த வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. "உங்க பொண்ணு யேசுகிட்ட இருக்காம்மா. செத்து உயிரோட எழுந்தவரு அவரு, அவளக் கைவிடமாட்டாரு. உங்களையும் அவருக்குத் தெரியும்" என்றேன். அதற்குள் அழுதுவிட்டேன்.

உன் அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கோபமே இல்லாமல் சொன்ன இதைத்தான் இனி நான் சுமக்க வேண்டும்:

"இத்தச் சொல்லவா யம்மா நாலு மாசம்? மூணு மணி பஸ் வர்றப்பல்லாம் நீ எறங்குறியான்னு பாத்துனே இருந்தேனே."