அளவு ஜாக்கெட்

என் தங்க அம்மாவுக்கு, கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்ததும் என் தோளில் ஒரு தட்டுத் தட்டுகிறவளுக்கு,

நலமா என்று கேட்கக் கை போயிற்று. நான் நலம் என்று எழுதவும் போயிற்று. இரண்டும் பழக்கதோஷம். இதைத் தபாலில் சேர்க்க வழியில்லாததால் நம் சபை மாதர் சங்கத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். நாலு பேர் படிப்பார்கள், படிக்கட்டும். உன்னைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. என்னைப் பற்றித்தான் கொஞ்சம் இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. லில்லிக்கு ஒன்றரை வயது முடிந்துவிட்டது, பால் மறக்கடிக்கும் வயது. நடக்கிறாள், விழுகிறாள், அழாமல் எழுந்துகொள்கிறாள். நாங்கள் பாளையத்தில் உன் வீட்டிலேயே இருக்கிறோம். உன் மருமகப்பிள்ளை அதே சர்க்கார் ஆபீசில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கிணற்றடி முருங்கை போன மழையில் சாய்ந்துவிட்டது. போன வாரம் வரை நான் உன் ஜாக்கெட்டுகளைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடைசிச் செய்திக்காகத்தான் இந்தக் கடிதம்.

லில்லி பிறந்த மூன்றாம் நாள் உனக்கு நினைவிருக்கிறதா? பால் கட்டி, என் ஜாக்கெட் ஒன்றும் மாரில் சேரவில்லை. சேர்ந்தாலும் பிரயோஜனமில்லை, எல்லாம் பின்னால் பொத்தான் வைத்தவை. பிள்ளை கத்துகிறது, நான் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ உள்ளே போய் உன்னுடையதில் ஒன்றைக் கொண்டுவந்தாய். வெள்ளை மல் துணி, முழங்கை வரைக்கும் கை, முன்னால் ஆறு பொத்தான். என்னோடு இன்னொருத்தியும் அதற்குள் நுழையலாம், அவ்வளவு தொளதொளப்பு.

"இப்பத்தைக்கு இதப் போட்டுக்கோ மக்ளே. நீ எந்திச்சு நடமாடின பொறவு, ஒனக்க அளவுக்கு நான் ரெண்டு தச்சுத் தாரேன்" என்றாய்.

நான் எழுந்து நடமாடுவதற்குள் நீ படுத்துவிட்டாய். நாலே நாள் காய்ச்சல். லில்லிக்கு அன்று இருபதாம் நாள்.

பச்சை உடம்புக்காரி வெளியே வரக்கூடாது என்று அறைக்கதவைச் சாத்திவிட்டார்கள். உன்னை எடுத்துப்போனதை ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். பெட்டியின் கால்பக்கம் மட்டும் தெரிந்தது. முற்றத்தில் பாடினார்கள். எனக்கு வார்த்தைகள் கேட்டன, பாட்டுக் கேட்கவில்லை. லில்லி பாலுக்கு அழுதாள், கொடுத்தேன். அவ்வளவுதான் அம்மா. அன்றைக்கு நான் அழவில்லை. மறுநாள் வரும் என்று இருந்தேன். மறுநாளும் வரவில்லை.

உன் ஜாக்கெட்டுகள் மொத்தம் ஏழு. லேஸ் வைத்ததை உனக்கே போட்டு அனுப்பினார்கள். மிச்சம் ஆறும் என்னிடம் வந்தன. யாரும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. துவைத்த துணியோடு துணியாக வந்துகொண்டிருந்தன, நான் போட்டுக்கொண்டிருந்தேன். உன் வாசனைக்காகப் போட்டேன் என்று சொன்னால் கேட்பவர்கள் உருகிப்போவார்கள். வாசனையெல்லாம் இரண்டாம் வெளுப்பிலேயே போய்விட்டது. எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டியதில்லை, அதற்காகத்தான் போட்டேன்.

நானா இப்படி! ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை கை மாற்றி, கழுத்து மாற்றி, ஆராதனைக்கு வருகிற பெண்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி உடுத்திய எஸ்தர்தானா! "ஜெபிக்கப் போறியா, காட்டப் போறியா?" என்று முனகிக்கொண்டே எனக்குப் பஃப் கை தைத்துக்கொடுப்பாய். எனக்கு இரண்டுக்கும்தான் போக வேண்டும். அந்த ஆள் எங்கே போனாள் என்று நான் தேடக்கூட இல்லை.

லில்லிக்கு உன் பொத்தான்கள் அத்துப்படியாகிவிட்டன. பசித்தால் வந்து மேலிருந்து மூன்றாவது பொத்தானைப் பிடித்து இழுப்பாள். நான் அவிழ்ப்பேன், அவள் குடிப்பாள், நான் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சுவரில் எங்கெங்கே காரை பெயர்ந்திருக்கிறது என்று இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

பக்கத்து வீட்டிலிருந்து மைனி தினமும் வருவாள். அண்ணன் பெண்சாதி என்றாலும் உனக்கு அவள் இன்னொரு மகள்தானே. வாசலில் நின்று என்னைப் பார்த்து, "அத்தையே நடந்து வாற மாதிரி இருக்கு எஸ்தரு" என்பாள். கண் கலங்கிவிடும் அவளுக்கு. எனக்குக் கலங்காது. ஆனால் நல்லதுதானே, யாருக்காவது உபயோகமாக இருக்கிறோமே என்று நினைத்துக்கொள்வேன்.

ஒன்றரை வருஷத்தில் உன் ஜாக்கெட்டுகள் அக்குளில் கிழிய ஆரம்பித்தன. ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் இரண்டே மிஞ்சின, அதிலும் ஒன்று தையல் விட ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அத்தனை நாளில் எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அந்தப் பயம்தான். இவையும் கிழிந்துவிட்டால் காலையில் எழுந்து நான் யாராக உடுத்திக்கொள்வது? கேட்டால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். நாலு ஜாக்கெட்டுக்கு வெள்ளை மல் எடுத்துக்கொண்டு, உன்னுடையதில் ஒன்றை அளவு ஜாக்கெட்டாக மடித்து வைத்துக்கொண்டு, ஜட்கா வண்டி பிடித்துச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே மைதீன் என்று ஒரு தையல்காரர். நம் பெண்களில் யார் தையல்காரனிடம் நின்று அளவு கொடுத்தோம்? பழைய ஜாக்கெட்டை நீட்டினால் அதைப் பார்த்துத் தைத்துத் தருவார்கள். இதே அளவில் நாலு, இப்படியே வேண்டும், ஒரு நூல் மாறக்கூடாது என்றேன்.

அவர் உன் ஜாக்கெட்டை மேஜையில் விரித்தார். தோளைத் தடவிப் பார்த்தார். பிறகு நான் போட்டிருந்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இது ஆருக்க அளவும்மா?"

"எங்க அம்மாக்க."

"அவங்களுக்குத் தைக்கவா?"

"எனக்குத்தான்."

"அப்பம் இது சரிப்படாது, கேட்டோ. இந்தத் தோளு ஒங்களுக்கு நாலு விரல் எறங்கும். ஒங்களுக்க அளவு ஜாக்கெட்டு ஒண்ணு கொண்டு வாங்கம்மா, தச்சுத் தாரேன்."

துணியை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜட்காவில் திரும்பி வரும்போது கண்ணாடி இல்லாமலே அது தெரிந்தது. உன் தோள்தையல் என் புஜத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றரை வருஷமாகத் தொங்கியிருக்கிறது. யாருமே சொல்லவில்லையே அம்மா?

வீட்டுக்கு வந்து என் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். லில்லி பிறந்த வாரத்தில் மூடியது. மேலேயே ஒரு துணி மடித்து வைத்திருந்தது. கத்திரிப்பூ நிறத்தில் மெல்லிய வாயல் துணி, வெட்டாதது, சரியாக இரண்டு ஜாக்கெட்டுக்கு வரும். நான் வைத்ததில்லை. அப்பா போனபின் வெள்ளையைத் தவிர வேறு நிறம் தொடாதவள் நீ. ஆகவே அது உனக்கும் இல்லை. எப்போது வாங்கினாய்? நான் அறைக்குள் கிடந்தபோது நீயே சாலைக்குப் போய்வந்தாயா?

அதன் கீழே என் பழைய ஜாக்கெட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் மாரில் சேரவில்லை, கையில் ஏறவில்லை. உன்னுடையது எனக்குப் பெரிது. என்னுடையது எனக்குச் சிறிது. எனக்கென்று ஓர் அளவு ஜாக்கெட் இந்த உலகத்தில் இல்லை. அதைப் புரிந்துகொள்ளச் சும்மா ஒரு நாழிகை தரையில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கத்திரிப்பூத் துணியோடு போனேன். அளவு ஜாக்கெட் இல்லை என்றேன்.  கிழக்கேகோட்டைப் பக்கம்தான் தன் வீடு, வீட்டில் அளவெடுப்பார்கள் என்று மைதீன் வழி சொன்னார்.

அவர் மனைவி அளவு நாடாவோடு வந்தாள். கையைத் தூக்கச் சொன்னாள், திரும்பச் சொன்னாள். ஒவ்வோர் அளவையும் வாய்விட்டுச் சொல்லிச் சுவரில் கரியால் எழுதினாள். நீ போனபின் என் முதுகில் பெரியவள் ஒருத்தியின் கை பட்டது அன்றைக்குத்தான். பிள்ளை பெற்ற உடம்பு இது, இப்படி ஆகிவிட்டது என்று நான் ஏதோ சமாதானம் சொன்னேன்.

"அதுக்கென்ன? இதான் ஒங்க ஒடம்பு" என்றாள். "கையி எப்படி வைக்கணும்? பொத்தான் முன்னாலயா, பின்னாலயா?"

 என்ன பிடிக்கும் என்று யாரும் என்னைக் கேட்டு எவ்வளவு நாள்! பிடிக்கும் என்பது எப்படி இருக்கும் என்றே மறந்துவிட்டது. அவள் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை.

"பஃப் கை," என்றேன். கொஞ்சம் கழித்து, "பொத்தான் பின்னால."

போன சனிக்கிழமை ஜாக்கெட் வந்தது. ஞாயிறு காலை போட்டுக்கொண்டேன். தோள்தையல் தோளில் நின்றது. பின்னால் பொத்தான் போட ஆள் வேண்டுமே, உன் மருமகப்பிள்ளையைக் கூப்பிட்டேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஏதோ உத்தரவு நகலைச் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டார். கடைசியில் ஒரு பொத்தானுக்குத் துளை இல்லாமல் போயிற்று.

"ஒண்ணு மிச்சம் வருதே எஸ்தர்."

"மேல தப்பியிருக்கும். அவுத்துட்டு மறுபடி போடுங்க."

மறுபடி போட்டார். "முடிஞ்சுது" என்றார்.

நான் நகரவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தேன். எதற்காக நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. முடிந்ததும் தோளில் ஒரு தட்டு விழ வேண்டும். அது விழவில்லை. இனி விழாது.

நீ செத்துப்போனது எனக்கு அப்போதுதான் தெரிந்தது அம்மா.

வாசலில் மைனி நின்றிருந்தாள். ஆராதனைக்குப் புறப்படலாம் என்று கூப்பிட வந்தவள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். 

"அத்தைய எங்க கொண்டு விட்ட, எஸ்தரு?" என்றாள்.

 அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளைத் திண்ணையில் உட்கார வைத்து நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கும் நான் ஒரு தாயை இல்லாமல் ஆக்கியிருக்கிறேன். அது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் ஜாக்கெட்டை மாற்றவில்லை.

அந்த நேரத்தில்தான் லில்லி தத்தித் தத்தி வந்து மடியில் ஏறினாள். வழக்கம்போலக் கை நேராக மூன்றாவது பொத்தானுக்குப் போயிற்று. பொத்தான் இல்லை. மேலே தடவினாள், கீழே தடவினாள். வேறு யாருடைய மடியிலோ ஏறிவிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ, தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். எனக்கும் அப்போது சுவரைப் பார்க்கத் தோன்றவில்லை.

அவளுக்கு இடது புருவத்தில் ஒரு சின்னச் சுழி இருக்கிறது அம்மா. முடி அந்த இடத்தில் மட்டும் எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. ஒன்றரை வருஷம் பால் கொடுத்த எனக்கு அது தெரியாது. நீ படுக்கும் வரை நீதானே அவளைக் குளிப்பாட்டினாய், உனக்குத் தெரிந்திருக்கும். ஏன் என்னிடம் சொல்லவில்லை? நானே பார்த்துக்கொள்வேன் என்று விட்டுவிட்டாயா?

அழுதேன் என்று எழுதினால் உனக்கு நிம்மதியாக இருக்கும். பொய் எழுத மாட்டேன். மரத்துப்போன காலில் முதலில் ஒரு குத்தல் வருமே, அந்த அளவுக்குத்தான் வந்திருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கிழியாமல் மிஞ்சிய உன் கடைசி ஜாக்கெட்டை இனி நான் போட மாட்டேன், அளவுக்கும் யாரிடமும் கொடுக்க மாட்டேன். டிரங்கில், கத்திரிப்பூத் துணி இருந்த அதே இடத்தில் அது இருக்கும். லில்லி பிள்ளை பெற்றுப் பால் கட்டி வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாளில் எடுத்துக் கொடுப்பேன். இப்பத்தைக்கு என்றுதான் சொல்லிக் கொடுப்பேன். அவளுடைய அளவுக்கு இரண்டு முன்னாலேயே தைத்து வைத்திருப்பேன். எல்லாப் பொத்தானும் போட்டு முடித்ததும் தோளில் ஒரு தட்டுத் தட்டுவேன்.

உன் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்ட,
உன் மகள், லில்லியின் அம்மா,
எஸ்தர்