காதுத் தகட்டில் உன் அப்பாவின் நம்பர்

அன்பு மகள் மாரித்துக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதைப் பற்றிக் கேட்காதே. நீ அந்த சிலி நாட்டுக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். போனில் சொல்லாமல் ஏன் தாளில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் யார் யார் காது வைத்திருக்கிறார்களோ தெரியாது, ஒட்டின உறையை எவனாவது பிரித்தால் தெரிந்துவிடும். நீயும் ஓரத்தைப் பார்த்துவிட்டுப் பிரி.

உன் அப்பாவின் போன் தொலைந்துவிட்டது. ஆடுகளுக்கு உப்புக்கட்டி வைக்க நான் மலைக்குப் போனபோது என் மேல்சட்டைப் பையில் இருந்தது, கீழே வந்து பார்த்தால் இல்லை. கூட வந்தது பக்கத்துப் பண்ணை ஓட்வார் மட்டும்தான். வழியில் விழுந்திருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏறும்போது வேர்க்கிறது என்று நான் கழற்றின சட்டையை அவன்தான் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அப்பாவை அடக்கம் செய்த மறுவாரமே நம் மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டவன் அவன். போனைக் காணோம் என்றதும், “அந்தப் பழைய நம்பரைக் கட்டிக்கிட்டு ஏன் அழுவுற குன்வோர், புதுசா ஒண்ணு வாங்கிக்க, மாரித்தும் அதைத்தான் சொல்லுது” என்றான். நீ அவனிடம் எப்போது பேசினாய்? நம் ஆடுகள் அத்தனைக்கும் காதுத் தகட்டில் அப்பாவின் பெயரும் அந்த நம்பரும்தானே அடித்திருக்கிறது. செப்டம்பரில் ஓட்டிக்கொண்டு வரும்வரை அவை வேலியில்லாத மலையில் திரிகின்றன, ஒன்று எங்காவது கால் முறிந்து கிடந்தால் மலையேற வருகிறவர்கள் தகட்டைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். நம்பர் போனால் யாரைக் கூப்பிடுவார்கள்? பாதி மந்தை திரும்பாவிட்டால் நான் பண்ணையை விட்டுவிடுவேன் என்று ஓட்வாருக்குத் தெரியாதா என்ன.

பஸ் ஏறி டவுனுக்குப் போய் போன் கடையில் கேட்டேன். நீள நகம் வைத்த ஒரு பெண், நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்றாள், வீட்டுக்காரர் பெயரில் என்றேன், “அப்ப அவரையே வரச் சொல்லுங்க” என்றாள். செத்துவிட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை மாரித். அவர் மலையில் இருக்கிறார், வர முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் என்னமோ தட்டிப் பார்த்துவிட்டு, “அவரு இறந்துட்டதா இருக்கேம்மா, நம்பரை மூடிடட்டுமா?” என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை. நல்லவேளை, பண்ணை இனி என் பொறுப்பு என்று கோர்ட்டில் கொடுத்த தாளை வீட்டில் வைக்கப் பயந்து பைக்குள்ளேயே வைத்திருந்தேன். அதைப் பார்த்து நம்பரை என் பெயருக்கு மாற்றினாள். அங்கேயே வாங்கின போனில் புது கார்டு போட்டாள், தொலைந்த போனில் இருக்கிற பழையது இனி வேலை செய்யாது என்றாள். அது உண்மைதானா என்று அவள் போனிலிருந்து அடிக்கச் சொல்லிப் பார்த்தேன், என் கையில்தான் மணி அடித்தது. பிறகு அதில் ஒரு ரகசிய எண் வந்தது, சொல்லுங்க என்றாள். யாருக்கும் சொல்லக்கூடாது என்று பேங்கில் சொன்னார்களே என்று கையால் மூடிக்கொண்டேன். “நான்தாம்மா அனுப்பினேன்” என்று சிரித்தாள். திருடனும் அதைத்தான் சொல்லுவான் என்றேன். கடைசியில் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள், நானே ஒற்றை விரலால் அடித்தேன்.

முந்தாநாள் ஒரு போன் வந்தது. யாரோ ஒரு பெண், அப்பா பெயரைச் சொல்லி, ஹால்வோர் இருக்காரா என்றாள். பேப்பரில் இறந்தவர் பெயரைப் பார்த்து ஏமாற்றுகிற கூட்டம் இருக்கிறதே, வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டாள். “வைக்காதீங்க, உங்க ஆடு ஒண்ணு பாறை இடுக்குல மாட்டிக்கிட்டுக் கெடக்கு” என்றாள். தகடு என்ன நிறம் என்றேன், மஞ்சள் என்றாள். மஞ்சள் பாதி ஊர் வைத்திருக்கிறது, போனை அதன் வாய்கிட்ட வை என்றேன். வைத்தாள். கரகரவென்று கத்தியது பார், நம் புட்டிப்பால் குட்டி, அப்பா அடுப்படியில் பெட்டிக்குள் வைத்து வளர்த்தாரே அதேதான். அந்தப் பெண், ஹால்வோரிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். “ஹால்வோர் செத்துட்டாரும்மா, நான் அவரு பொண்டாட்டி, நான் வர்ற வரைக்கும் அதை விட்டுட்டுப் போயிடாத” என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது அன்றைக்குத்தான்.

ஓட்வாரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது, வேறு யார் இருக்கிறார்கள். கயிற்றைக் கட்டி இடுக்கில் இறங்கி, முழங்கை தோல் உரிய ஆட்டைத் தூக்கிக் கொடுத்தான். “உன் புருஷன் மாதிரியே பிடிவாதம் புடிச்ச ஆடு” என்று வைதுகொண்டே. காப்பி கொடுத்தேன். குடிக்கும்போதும் அவன் கண் மேய்ச்சல் நிலத்துப் பக்கமே இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டான் என்பதற்காக நான் கண்ணை மூடிக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு வரைக்கும் பழைய போன் கிடைக்கவில்லை. ஆடு தொழுவத்தில் நொண்டிக்கொண்டு தின்கிறது.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், வேலைக்குக் கடலில் மீன் வளர்க்கிற கூண்டுப் பக்கம் போகும்போது மிதவைச் சட்டை இல்லாமல் போகாதே, கடனுக்குக் கையெழுத்துக் கேட்கிறவனை நம்பாதே. ஒன்றை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நான் அந்த நம்பரிலிருந்துதான் கூப்பிடுவேன், உன் போனில் அப்பா என்று வரும், பயந்துவிடாதே. அதை அழித்துவிட்டு அம்மா என்று போட்டுக்கொள்.

உன் அம்மா,
குன்வோர்